வலது தோள்

கயிறு இன்னும் தளர்ந்துதான் கிடக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் முழங்காலை மடக்கி, ரெண்டு காலையும் ஒரே பலகையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செருகி, கைப்பிடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மிதக்கிறேன். பலகையின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கீ என்று சொல்லணும், பலகை என்றால் டிக்சன் சார் சிரிப்பார், கிளப் அவருடையது, படகு அவருடையது, வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து எங்கள் கடலில் இறக்கிவிட்ட, படகு இழுக்கத் தண்ணீர்மேல் நின்று போகிற இந்த விளையாட்டும் அவருடையது, அவர் சிரிக்கலாம். நூற்றைம்பது அடி தள்ளிப் படகு நிற்கிறது. ஸ்டியரிங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் கிளாட்வின். அவர் முதுகுக்கு முதுகு கொடுத்து, என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவர் தங்கச்சி ஜெசிந்தா. வலது முழங்காலில் இரும்புப் பட்டை வைத்த பெல்ட். அந்தக் காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருக்கிறாள். அந்தக் காலை அப்படி ஆக்கினது நான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு ஒரு ஆளுக்குத் தெரியாது. படகு ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது சட்டம். இழுபடுகிறவள் கையால் காட்டுவதைப் பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறவள்தான் அவருக்குச் சொல்லணும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. இந்தப் பத்து நிமிஷமும் என் உயிர் அவள் கண்ணில் இருக்கிறது, அவள் கண் என்மேல் இருக்கிறது, சிமிட்டக்கூட இல்லை. கரையில் மைக்கில் பேர் வாசிக்கிறார்கள். மற்ற மூணு பெண்களுக்கும் பேர் சொல்லி ஊர் சொன்னார்கள். என்னை மிசஸ் கிளாட்வின் என்றார்கள். மெட்டில்டா என்று சொன்னால் மட்டும் யாருக்குத் தெரியப்போகிறது. கொடி ஏறுகிறது. அவர் கை பின்னால் பார்க்காமலே மேலே போய்ச் சைகை காட்டுகிறது, ரெடியா என்று. ரெடி இல்லை என்று சொல்ல என்ன சைகை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கயிறு ஈரத்தை உதறிக்கொண்டு நிமிர்கிறது, இழுப்பு முதலில் விரலுக்கு வருகிறது, பிறகு முழங்கைக்கு, பிறகு அடிவயிற்றுக்கு, பிரசவத்தில் வந்த மாதிரியே அடிவயிற்றுக்கு. எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே, கயிறு எழுப்பும், அதுவரைக்கும் குந்தியே இரு. டிக்சன் சார் சொன்னது. தண்ணீர் நெஞ்சில் அடிக்கிறது, முகத்தில் அடிக்கிறது, பிறகு திடீரென்று ஒன்றுமில்லை, நான் கடலுக்கு மேலே நிற்கிறேன். நிற்கிறேன். மூணு மாசப் பழக்கத்திலும் இது ஒன்றுதான் பழகவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்று உப்பளத்துக்குப் போனவள் நான், பாத்தியில் கணுக்கால் நனைய நின்றதுதான் நான் பார்த்த தண்ணீர், நீச்சல் தெரியாது. கட்டிக்கொண்டு வந்த வருஷம் படகில் கூட்டிப்போய் ஜெசிந்தாதான் தள்ளிவிட்டாள். அவளுக்கு அப்போது பதினாலு வயசு. "மைனி உப்பு வாருன ஆளு, கரைஞ்சா போயிருவா?" என்று சிரித்தாள். நான் முங்கி முங்கி எழுந்து படகு ஓரத்தைப் பிடித்தபோது என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கோபமாக இல்லை, பிள்ளைகள் நண்டுக்குக் காலை எடுக்கிற மாதிரி, ஆசையாக. அவர் எஞ்சின் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை நீந்திவிட்டேன். "பாத்தியாண்ணே, நான் சொன்னேன்ல?" என்றாள். அவள் சொன்னது நடந்துவிட்டதால் அது எனக்கு நல்லது என்று ஆகிவிட்டது. அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான்.

முதல் போயா வருகிறது. சிவப்பு மிதவை, பெரிய பானை மாதிரி, அதைச் சுற்றிப் படகு திரும்பும்போது கயிறு என்னை வெளியே வீசும், அப்போது முழங்காலை இன்னும் இறக்கணும். இறக்குகிறேன். முன்னால் ரெண்டு படகு, பின்னால் ஒன்று. முன்னால் போன படகுகள் கிளறிவிட்ட அலை வரிசை வரிசையாக வந்து பலகைக்கு அடியில் தட்டுகிறது, டக் டக் டக் என்று, பல்லுக்குள் கேட்கிறது. ஜெசிந்தா பார்க்கிறாள். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான், அங்கேயிருந்து எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். இழுபடுகிறவள் முழங்கால் நடுங்கினால் தெரியும், வாயைத் திறந்து மூச்சு விட்டால் தெரியும், அழுதால் மட்டும் தெரியாது, எல்லாம் தண்ணீர். அந்த வேலையை எனக்குக் கொடுத்ததே நான் பேசமாட்டேன் என்பதற்காகத்தான். எஞ்சின் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. சும்மாவே என் குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது. அதனால் அவர் தோள் கணக்கு வைத்தார். இடது தோளில் தட்டினால் வேகம் கூட்டுவார், வலது தோளில் தட்டினால் குறைப்பார், நடு முதுகில் அடித்தால் அவள் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். "வாயில்லாதவளுக்குன்னே செஞ்ச வேலை," என்று டிக்சன் சாரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் அம்மா, என் மாமியும் இருந்தார்கள். "அப்பாடா, இவளாலயும் ஒரு பிரயோசனம்," என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் அதுக்கு ஒரு கதை வரும். ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்து யாரும் பேசுவதில்லை, குழம்பு எங்கே, பிள்ளை எங்கே, எல்லாம் சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். படகில் மட்டும் ஜெசிந்தா என் முகத்தையே பார்க்கணும். வேறு வழியில்லை அவளுக்கு. பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம், அந்த அழகான, திமிர் பிடித்த, பதினெட்டு வயசு முகம் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும், நான் என்ன செய்வேன் என்று. எனக்கு அது இனித்தது. சாமி குத்தம் மாதிரி இனித்தது.

இப்போது அதே முகம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ரெண்டாவது போயா. தொடை எரிய ஆரம்பித்துவிட்டது, சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஏழு நிமிஷம் இருக்குமா, எட்டு இருக்குமா, இங்கே நிமிஷம் தெரியாது, போயாவைத்தான் எண்ணணும். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ரெண்டாவது பிடியைப் பிடித்துக்கொள்கிறேன், அப்படிப் பிடித்தால் பாரம் இடுப்புக்கு இறங்கும். ஜெசிந்தா கண்டுபிடித்த முறை இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான் பிடிக்கிறார்களாம், ஆனால் எங்கள் கிளப்பில் அதை முதலில் செய்து காட்டினது அவள்தான். அவள் நன்றாகத்தான் செய்வாள். அதைச் சொல்லணும். நாலு மாசம்தான் பழகினாள், அதற்குள் டிக்சன் சார் மாநிலப் போட்டி, விளையாட்டுக் கோட்டாவில் வேலை என்று பேச ஆரம்பித்துவிட்டார், மாமி அவளுக்கு மட்டும் தினம் முட்டை அவித்தார்கள். ஓட்டை நான் உரிப்பேன். அவள் அதைத் தின்றுகொண்டே என் பிள்ளைக்குப் பேச்சுப் பழக்குவாள். ஷைனிக்கு ரெண்டு வயசு, அப்போதுதான் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. அப்பா வந்தது, ஆச்சி வந்தது, அத்தை வந்தது. என்னைக் காட்டி, "இது யாரு, சொல்லு, சொல்லு" என்பாள் ஜெசிந்தா. "ஊமச்சி," என்று சொல்லும் பிள்ளை. முதல் நாள் தற்செயலாகச் சொல்லிவிட்டது என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, நான் துணி துவைக்கப் போகிற நேரத்தில் உட்காரவைத்து, சொன்னால் பிஸ்கட், சொன்னால் பிஸ்கட் என்று பழக்கியிருக்கிறாள். எனக்கு அம்மா என்ற பேர் இல்லை அந்த வீட்டில். ராத்திரி மார்பைத் தேடி வரும்போதும், தூக்கத்திலும், ஊமச்சி என்றுதான் என் பிள்ளை என்னைக் கூப்பிட்டது. அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அவர் பக்கத்தில் போய் நின்றேன், சொல் வரவில்லை, அவரே, "விளையாட்டுக்குச் சொல்லிக்குடுத்துருக்கா, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்குறியேட்டி" என்று முடித்துவிட்டார்.

மூணாவது போயா. பின்னால் வந்த படகு பக்கத்தில் வந்துவிட்டது, அந்தப் பெண்ணின் மஞ்சள் ஹெல்மெட் ஓரக்கண்ணில் துள்ளுகிறது. பார்க்கக் கூடாது. நான் ஜெசிந்தாவை மட்டும்தான் பார்க்கணும். அன்றைக்கும் காலையில், இதே கரைதான், உப்பளம் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள், அது அவளுடைய முதல் ரேஸ். டிக்சன் சார் கூட்டிவந்த பெரிய ஆட்கள் சேரில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கி முடிந்துகொண்டு, ஷைனியைத் தூக்கிவந்தாள். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் நடுவில் நிறுத்தி, என்னைக் காட்டி, "அத்தை செல்லம்ல, யாருன்னு சொல்லு" என்றாள். பிள்ளை சொன்னது. கணீரென்று சொன்னது, கையைத் தட்டிக்கொண்டே. பெரிய ஆட்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள், பிறகு ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். எனக்கு அப்போது கோபம் வந்ததா என்று இந்த மூணு மாசமும் தேடிப் பார்க்கிறேன், வரவில்லை. நான் என் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டேன். பிறகு படகில் ஏறி, என் இடத்தில் உட்கார்ந்து, ஆள் விழுந்தால் தூக்கிக் காட்டுகிற கொடியை மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். யோசித்துச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய்தான்.

தொடை எரிவது நின்றுவிட்டது, அது நல்லதில்லை, எரிச்சல் நின்றால் அடுத்தது நடுக்கம். நாலாவது திருப்பம், நாலா, அஞ்சா. அன்றைக்கு அவள் முதல் தடவை கட்டைவிரலைக் கீழே காட்டினது அஞ்சாவது திருப்பத்தில். நான் பார்த்தேன். கையை எடுத்து வலது தோளுக்குக் கொண்டுபோனேன், போனேன், தோளுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கை நின்றது. அவர் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சட்டை நுனி என் உள்ளங்கையில் பட்டுப் பட்டுப் போனது. ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் குறையவில்லை. அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. மைனி பார்க்கவில்லையோ என்று நினைத்திருப்பாள். மறுபடி காட்டினாள், நன்றாகக் கையை நீட்டி, விரலைக் குத்திக் குத்திக் காட்டினாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. அந்த முகம் மாறினதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன், எனக்கு அது வேண்டியிருந்தது, அதற்காகத்தான் நான் பிறந்து வந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மைனி என்று அந்த உதடு அசைந்தது. நூற்றைம்பது அடி தள்ளி ஒரு வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தமில்லாமல். மூணாவது தடவை அவள் காட்டினபோது நான் கையை எடுத்து இடது தோளில் தட்டினேன். இடது தோளில். ரெண்டு தடவை. அவர் என்ன சந்தோஷமாக லீவரைத் தள்ளினார், படகு முன்னால் பாய்ந்ததில் நானே சரிந்தேன், நிமிர்ந்து பார்த்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு பலகை ஒரு அலையில் குத்தியது. அந்த வேகத்தில் தண்ணீர் சிமெண்ட் தரைதான். உருண்டாள், தலை, கால், தலை, கால், பலகை ஒரு காலை விட்டுவிட்டது, இன்னொரு காலை விடவில்லை. அந்தக் கால்தான். நடு முதுகில் அடித்தேன். கொடியைத் தூக்கினேன். எல்லாம் முறைப்படி செய்தேன்.

ஜெசிந்தா இப்போது கொஞ்சம் முன்னால் சாய்கிறாள், இரும்புக் காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைக்கிறாள், கண்ணை எடுக்காமலே. என் முழங்கால் நடுங்குவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியட்டும். இதற்காகத்தானே வந்திருக்கிறாய், ஆஸ்பத்திரியிலேயே நீ முடிவு செய்துவிட்டாய், எனக்குத் தெரியும். அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் நான் ஃபிளாஸ்க்கோடு நின்றேன், மாமி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள், முழங்காலுக்குள் நரம்பு அறுந்துபோச்சு, இனி நடக்கலாம், ஸ்கீயெல்லாம் மறந்துரணும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அரைமணி நேரம் கழித்து அவர் வந்தார். தங்கச்சியின் தலையைத் தடவினார். கண்ணெல்லாம் தண்ணீர். "எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன் ஜெசி. விழுறதுக்கு முந்தின செகண்டு வரைக்கும் எந்தங்கச்சி வேகம் கேட்டான்னு. கடைசிவரை கூட்டு கூட்டுன்னுதான் கேட்டான்னு. ஆம்பளைக்கு வராது அந்தத் தைரியம்," என்றார். நான் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன், அது ஏற்கனவே மூடியிருந்தது. அவளுக்கு அதுவரைக்கும் பாதிதான் தெரியும், குறைக்கச் சொன்னதை நான் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அண்ணன் வாயிலிருந்து இப்போது முழுசும் கிடைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள், மாமி என் முடியைப் பிடிப்பார்கள், அவர் என்னை அடித்தே கொல்லுவார், ஷைனியைத் தரமாட்டார்கள், உப்பளத்துக்கே போய்விட வேண்டியதுதான் என்று எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது எனக்குள். ஜெசிந்தா சொன்னாள்: "ஆமாண்ணே. நான்தான் கேட்டேன்." பிறகு என்னிடம், "மைனி, தண்ணி குடு." கொடுத்தேன். குடித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைத் திட்டவில்லை. முறைக்கவில்லை. பிள்ளையிடம் என்னைக் காட்டி, "அம்மாட்ட போ" என்றாள். ஷைனி எந்த அம்மா என்று தேடியது.

ஆறு. இது ஆறாவது. மஞ்சள் ஹெல்மெட் பின்னால் போய்விட்டது, முன்னால் போன ஒரு பெண் விழுந்துவிட்டாள், அவர்கள் படகு கொடி தூக்கி நிற்கிறது, நாங்கள் ரெண்டாவதாக வந்துகொண்டிருக்கிறோம், ரெண்டாவதாக, நான். அவர் தோள் ரெண்டும் உற்சாகத்தில் உயர்ந்திருப்பது இங்கேயிருந்தே தெரிகிறது. நாலு பெண்கள் இல்லையென்றால் பெண்கள் ரேஸே கிடையாது என்று சட்டமாம், ஜெசிந்தா கட்டிலில் கிடக்க, டிக்சன் சார் ஆள் தேடி வீட்டுக்கு வந்தார். "மைனி இருக்காளே சார்," என்றாள் அவள், காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு. "இவங்களா? பேசவே மாட்டாங்களேம்மா." "ஸ்கீயில நிக்கிறவளுக்கு எதுக்கு சார் பேச்சு? கட்டைவிரல் போதும்." மாமிகூட, பிள்ளைக்காரி, பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை என்றார்கள். "அதான் வேப்பெண்ணெய் இருக்கே," என்றார் அவர். மார்பில் தடவினோம். பிள்ளை நாலு நாள் அழுதது. ஐந்தாம் நாள் என்னிடம் வரவில்லை. பழகும்போதெல்லாம் டிக்சன் சார்தான் பின்னால் பார்த்து உட்கார்ந்தார். இன்று காலை சாப்பாட்டில் ஜெசிந்தா சொன்னாள், இன்னைக்கு நான் உக்காருறேன், மைனிக்கு என் கண்ணு பழக்கம். நான் அவள் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். "விழுந்தா கையத் தூக்கு," என்றார் அவர். "தூக்கலைன்னா செத்துட்டன்னு வச்சுக்கிருவேன்." அவர் வேடிக்கைக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

பலகை நிற்கவில்லை, ஆடுகிறது, நான் ஆடுகிறேனா, கடல் ஆடுகிறதா, முழங்கால் என் சொல்லைக் கேட்கவில்லை. விரல்கள் பிடியில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இதைத்தான் அவள் அன்றைக்கு அனுபவித்தாள். இதே இடம். இதற்கு மேல் ஒரு பத்து எண்ணுகிற நேரம் என்னால் தாங்க முடியும், அப்புறம் பலகை குத்தும். பயமாக இருக்கிறது, ஆனால் அதற்கும் அடியில் வேறு ஒன்று இருக்கிறது, அதை இப்போதுதான் பார்க்கிறேன், மூணு மாசமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். நான் கட்டைவிரலைக் கீழே காட்டுவேன். அவள் என் கண்ணைப் பார்ப்பாள். கையைப் பின்னால் கொண்டுபோவாள். இடது தோளில் தட்டுவாள். நான் விழுவேன். கால் போகும், கழுத்து போனாலும் போகட்டும், அப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் ஒன்று. அப்புறம் அவள் என்னை முறைக்கலாம், திட்டலாம், ஊமச்சி என்று கூப்பிடலாம், நான் சோறு போடலாம், ஒரே வீட்டில் ரெண்டு நொண்டிகள், யாருக்கும் யாரும் பாக்கி வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் காதுக்குள்கூட வராத சொல்லுக்கு இது சரியாகிவிடும். தட்டு ஜெசி. உன் கை எடு. நான் அப்படியே செய்தேன், ரெண்டு தடவை தட்டினேன், நீயும் ரெண்டு தடவை தட்டு. இடது கையை நீட்டினேன். கட்டைவிரலைக் கீழே திருப்பினேன். கையைக்கூட நான் முழுசாக நீட்டி முடிக்கவில்லை.

அவள் உடனே தட்டிவிட்டாள். வலது தோளில். யோசிக்கவில்லை, என் கண்ணைத் தேடவில்லை, நான் கேட்டேன், அவள் சொன்னாள், அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் இறங்கினது, கயிறு தொய்ந்தது, தண்ணீர் என்னை முழங்காலில் பிடித்தது, இடுப்பில் பிடித்தது, நெஞ்சில் பிடித்தது, மெதுவாக, பிள்ளையைத் தொட்டியில் இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டது. ஒரு கீறல் இல்லை. மஞ்சள் ஹெல்மெட் என்னைக் கடந்து போனது. கரையில் மைக்கில் ஏதோ சொல்ல, ஓ என்று ஒரு சத்தம். படகு வளைத்துத் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது, அவர் எழுந்து நின்றுகொண்டு கத்தினார். "ரெண்டு நிமிசம்! ரெண்டே நிமிசம் இருந்துச்சுட்டி! ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தோம்!" பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ ஏன் ஜெசி ஒடனே தட்டுன? வலிச்சா எல்லாரும்தான் காட்டுவாங்க, கொஞ்சம் பாத்துட்டுத் தட்டக் கூடாதா?"

"மைனி கேட்டா, சொன்னேன். பின்னால உக்காந்திருக்கவ வேற என்னண்ணே செய்யணும்?"

"நீயெல்லாம் அன்னைக்கு…" என்று அவள் காலைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த வேகத்துலயும் கூட்டுன்னு கேட்டவ நீ. இவளப் பாரு."

"எல்லாரும் நானாக முடியுமா?" என்றாள் ஜெசிந்தா. காலை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து, குனிந்து, என் ஹெல்மெட் வாரை அவிழ்த்தாள். அவள் விரல் என் தாடையில் பட்டது, சூடாக இருந்தது. நான் படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க," என்றேன். எனக்கே கேட்டது. சத்தமாகத்தான் வந்திருந்தது. அவர் திரும்பினார், என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு இவ கேக்கல," என்று சொல்ல வந்தேன், சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அன்னைக்கு என்பது வெளியேகூட வந்துவிட்டது. ஜெசிந்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். துடைத்தாள். நன்றாக அழுத்தி, எங்கள் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, பொறுமையாக.

"வாயத் தொறக்காத மைனி," என்றாள். "உப்புத் தண்ணி உள்ள போயிரும்."